'ரிட்டர்ன்' வந்துச்சா, போட்டாச்சா, கிடைச்சுதா? ஒரே வார்த்தை, பல அர்த்தம்: சம்பளக்காரங்க குழம்பக்கூடாத விஷயம்



கீழே இருக்கிற நாலு வாக்கியத்தைப் பாருங்க. நாலும் ஒரு சாதாரண சம்பளக்காரர் ஒரே மாசத்துல கேட்கக்கூடிய வாக்கியங்கள்தான்.

"ஜூலை 31-க்குள்ள ரிட்டர்ன் போட்டுடு."
"இந்த ஃபண்டுல மூணு வருஷத்துல 40 சதவீதம் ரிட்டர்ன்."
"உன் இஎம்ஐ ரிட்டர்ன் ஆயிடுச்சு."
"இந்த பாலிசியில கட்டின பிரீமியம் முழுக்க ரிட்டர்ன் வந்துடும்."

நாலு இடத்துலயும் ஒரே ஆங்கில வார்த்தை. ஆனா முதல் வாக்கியத்துல அது ஒரு காகிதம். ரெண்டாவதுல லாபம். மூணாவதுல தோல்வி. நாலாவதுல உங்க சொந்தக் காசு.

'ரிட்டர்ன்னா திரும்பி வர்றது'ன்னு ஸ்கூல்ல படிச்சிருக்கோம். அது தப்பில்லை. ஆனா எது திரும்பி வருது, யாருக்கு வருது, எவ்வளவு வருதுங்கிறதை அந்த வார்த்தை சொல்லாது. அதை நாமதான் கேட்கணும். கேட்காம விட்டா பணம் போகும். சிலருக்குச் சில ஆயிரம், சிலருக்கு மொத்த சேமிப்பும். அதனால இந்த வார்த்தையை இன்னைக்குப் பிரிச்சு மேய்ஞ்சிடுவோம்.

ஒரு வார்த்தைக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

புதுச்சேரியில 30 சட்டமன்றத் தொகுதி இருக்கு. தேர்தல் வந்தா ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு 'ரிட்டர்னிங் ஆபீசர்' இருப்பார். தமிழ்ல தேர்தல் நடத்தும் அலுவலர். அவர் எதைத் திருப்பித் தர்றார்னு யோசிச்சிருக்கீங்களா?

பழைய இங்கிலாந்துல அரசாங்கத்துகிட்ட இருந்து அதிகாரிக்கு ஒரு ஆணை வரும். 'இந்த வேலையைச் செஞ்சு முடிச்சுட்டுப் பதில் அனுப்பு'ன்னு. அவர் வேலையை முடிச்சு, அந்த ஆணையோட தன் அறிக்கையையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். அந்தப் பதில் அறிக்கைக்குப் பேருதான் 'ரிட்டர்ன்'. தேர்தல் நடத்தச் சொல்லி ஆணை வந்தா, ஜெயிச்சவர் பேரை எழுதித் திருப்பி அனுப்புறவர் ரிட்டர்னிங் ஆபீசர். நம்ம 1951-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல ஜெயிச்ச வேட்பாளரை 'ரிட்டர்ன்ட் கேண்டிடேட்'னு சொல்றது இதனாலதான். அவர் எங்கேயும் போய்த் திரும்பி வரலை!

வருமான வரி ரிட்டர்னும் இதே குடும்பம். 'உன் வருமானம் என்ன?'ன்னு அரசாங்கம் கேட்குது. நீங்க கணக்கு எழுதித் திருப்பி அனுப்புறீங்க. அந்தப் பதில் அறிக்கைதான் ரிட்டர்ன். சட்டத்துல இருக்கிற முழுப் பேரு 'ரிட்டர்ன் ஆஃப் இன்கம்'. வருமானம் திரும்பி வருதுன்னு அர்த்தம் இல்லை, வருமானத்தைப் பத்தின அறிக்கைன்னு அர்த்தம்.

நம்ம ஊர்ல பிரெஞ்சு தெரிஞ்ச வீடுகள்ல இந்தக் குழப்பம் வராது. பிரெஞ்சுல இதுக்குப் பேரு 'தெக்லராசியோன் தெ ரெவனு'. அதாவது வருமான அறிவிப்பு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வருமானத்தைக் குறிக்கிற 'ரெவனு'ங்கிற சொல், 'திரும்பி வருதல்'ங்கிற வினைச்சொல்லில இருந்துதான் பிறந்தது. பிரெஞ்சுல திரும்பி வர்றது வருமானம், ஆங்கிலத்துல திரும்பிப் போறது வருமான அறிக்கை.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட இணைஞ்சது 1962 ஆகஸ்ட் 16. இந்திய வருமான வரிச் சட்டம் இங்க 1963 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறைக்கு வந்துச்சு. அந்த 1961-ம் வருஷ சட்டத்துக்குப் பதிலா 2025-ம் வருஷ வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருது. சட்டம் மாறினாலும் 'ரிட்டர்ன்'ங்கிற வார்த்தை மாறலை. அதனால இதைப் புரிஞ்சுக்கிட்டா ரிட்டயர் ஆகுற வரைக்கும் உதவும்.

முதல் அர்த்தம்: அறிக்கை (ஐடிஆர்)

ஒவ்வொரு ஜூலையிலும் அதிகமா வர்ற கேள்வி: "எனக்கு எவ்வளவு ரிட்டர்ன் வரும்?"

கேட்கிறவர் நினைக்கிறது ரீஃபண்டை. ரெண்டும் வேற வேற.

ரிட்டர்ன் = நீங்க அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கணக்கு.
ரீஃபண்ட் = நீங்க கட்டவேண்டியதை விட அதிகமா வரி பிடிச்சிருந்தா, அந்த அதிகப்படியை அரசாங்கம் உங்களுக்குத் திருப்பித் தர்றது.

ரிட்டர்ன் போட்டா மூணுல ஒண்ணு நடக்கும். ரீஃபண்ட் வரலாம், ஒண்ணும் வராம ஒண்ணும் போகாம இருக்கலாம், இல்லைன்னா நீங்க இன்னும் கொஞ்சம் வரி கட்டவேண்டி வரலாம். இந்த மூணாவது பல பேருக்கு அதிர்ச்சியா இருக்கும். எப்படி வருதுன்னு ஒரு உதாரணம்.

ஒருத்தர் வருஷச் சம்பளம் 15 லட்சம். ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரை ஒரு கம்பெனி, அக்டோபர்ல இருந்து மார்ச் வரை இன்னொரு கம்பெனி. ரெண்டு இடத்துலயும் ஆறு மாசத்துக்கு 7.5 லட்சம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை.

முதல் கம்பெனி, 'இவர் வருஷம் முழுக்க இங்கதான் இருப்பார்'னு நினைச்சு 15 லட்சத்துக்குக் கணக்குப் போடும். 75,000 நிலையான கழிவு போக 14.25 லட்சம். செஸ் சேர்த்து வருஷ வரி 97,500 ரூபாய். ஆறு மாசத்துல பாதி, அதாவது 48,750 பிடிச்சிருக்கும்.

ரெண்டாவது கம்பெனிக்குப் பழைய சம்பள விவரத்தை இவர் கொடுக்கலை. அவங்க கண்ணுக்குத் தெரியுறது 7.5 லட்சம் மட்டும்தான். அதுக்கு வரி பூஜ்யம். ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டாங்க.

அக்டோபர்ல இருந்து கையில அதிகமா சம்பளம் வருதுன்னு சந்தோஷமா இருந்திருப்பார். ஜூலையில ரிட்டர்ன் போட உட்கார்ந்தா மொத்த வரி 97,500, பிடிச்சது 48,750, பாக்கி 48,750. அதுக்கு மேல வட்டி வேற. 'ரிட்டர்ன்'னா பணம் வரும்னு நினைச்சவருக்குக் கையில இருந்து அரை லட்சம் போகுது. வேலை மாறினவங்க, புது கம்பெனியில சேர்ந்த முதல் மாசமே பழைய சம்பளம், பிடிச்ச டிடிஎஸ் விவரத்தைக் கொடுத்துடுங்க. அந்த வரி மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும், வலிக்காது.

'எனக்குத்தான் வரியே இல்லையே, ரிட்டர்ன் எதுக்கு?'

ரிட்டர்னை வரின்னு நினைக்கிறதால வர்ற அடுத்த குழப்பம் இது. புதிய முறையில 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரங்களுக்கு நிலையான கழிவோட 12.75 லட்சம் வரை இல்லை. இது சரி. ஆனா இது எப்படி நடக்குதுன்னா, உங்க வரியைக் கணக்குப் போட்டு, 60,000 ரூபாய் வரைக்கும் அரசாங்கம் தள்ளுபடி பண்ணுது. அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம்தான். வருமானம் அதைத் தாண்டினா, வரி பூஜ்யமா இருந்தாலும் ரிட்டர்ன் போடுறது கட்டாயம்.

அறிக்கைங்கிற அர்த்தம் மனசுல இருந்தா இது குழப்பாது. 'கட்டவேண்டியது ஒண்ணும் இல்லை'ன்னு சொல்றதுக்கும் ஒரு அறிக்கை வேணும்ல?

கெடு வழக்கமா ஜூலை 31. சில வருஷம் நீட்டிப்பாங்க, 2025-ல செப்டம்பர் 16 வரை நீட்டிச்சாங்க. நீட்டிப்பை நம்பி உட்கார வேண்டாம். கெடு தாண்டினா தாமதக் கட்டணம்: மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல இருந்தா 5,000 ரூபாய், அதுக்குக் கீழ இருந்தா 1,000 ரூபாய். வரி பூஜ்யமா இருந்தாலும் கட்டணம் பூஜ்யம் இல்லை.

ரிட்டர்ன் போட்டு முடிச்சதும் 30 நாளைக்குள்ள வெரிஃபை பண்ணணும். ஆதார் ஓடிபி போதும், ரெண்டு நிமிஷ வேலை. பண்ணாம விட்டா நீங்க ரிட்டர்ன் போடவே இல்லைன்னுதான் கணக்கு. கையெழுத்து இல்லாத அறிக்கையை எந்த ஆபீஸ்ல வாங்குவாங்க?

இந்த அறிக்கைக்கு வேற பலனும் உண்டு. வீட்டுக் கடன் கேட்டா பேங்க்ல ரெண்டு மூணு வருஷ ஐடிஆர் கேட்பாங்க. பாரிஸ்ல இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போக விசா எடுக்கும்போதும் வருமானத்துக்குச் சான்றா இது கைகொடுக்கும். திடீர்னு கேட்கும்போது மூணு வருஷ ரிட்டர்னை ஒரே நாள்ல உருவாக்க முடியாது.

ரீஃபண்ட் 'வாங்கித் தர்றவங்க'

ரீஃபண்ட் உங்க சொந்தப் பணம். உங்ககிட்ட அதிகமா பிடிச்சதுதான் திரும்பி வருது. சரியான நேரத்துல ரிட்டர்ன் போட்டிருந்தா, பெரும்பாலும் மாசத்துக்கு அரை சதவீத வட்டியோட வரும். (அந்த வட்டிக்கு அடுத்த வருஷம் வரி உண்டு, மறந்துடாதீங்க.)

ஆனா 'நான் ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், வர்றதுல பத்து சதவீதம் கொடு'ன்னு ஆபீஸ்ல வாட்ஸப் மூலமா பரவுற ஆட்கள் இருக்காங்க. அவங்க பண்றது என்ன? இல்லாத வாடகை, கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, வாங்காத கடன் எல்லாத்தையும் பழைய வரி முறையில காட்டி வருமானத்தைக் குறைக்கிறாங்க. 2025 ஜூலையில வருமான வரித்துறை இந்த மாதிரி போலிக் கழிவுகளுக்காக நாடு முழுக்க சுமார் 150 இடங்கள்ல சோதனை பண்ணுச்சு. அதுல தமிழ்நாடும் உண்டு.

இங்க 'அறிக்கை'ங்கிற அர்த்தம் ரொம்ப முக்கியம். ரிட்டர்ன்ல கீழே 'இதில் சொன்னதெல்லாம் உண்மை'ன்னு உறுதி சொல்றது நீங்க. அந்த ஏஜென்ட் இல்லை. தெரிஞ்சே தப்பான விவரம் கொடுத்தா, ஏய்ச்ச வரியில 200 சதவீதம் வரை அபராதம். 40,000 ரூபாய் போலி ரீஃபண்ட் வாங்கினவர் அந்த 40,000-த்தையும் வட்டியையும் கட்டி, அதுக்கு மேல 80,000 அபராதமும் கட்ட வேண்டி வரலாம். கமிஷன் வாங்கினவர் போன் எடுக்க மாட்டார்.

ரெண்டாவது அர்த்தம்: செல்லாமத் திரும்புறது (செக், இஎம்ஐ)

பேங்க்ல இருந்து 'நேச் ரிட்டர்ன்' அல்லது 'செக் ரிட்டர்ன்'னு மெசேஜ் வந்தா, சந்தோஷப்பட ஒண்ணும் இல்லை. உங்க கணக்குல காசு இல்லாததால, பணம் கேட்டு வந்தவர் வெறுங்கையோட திரும்பிட்டார்னு அர்த்தம். நம்ம பேச்சுல பவுன்ஸ்.

செலவு ரெண்டு பக்கமும். உங்க பேங்க் ஒரு ரிட்டர்ன் சார்ஜ் போடும், கடன் கொடுத்தவர் தனியா ஒரு பவுன்ஸ் சார்ஜ் போடுவார். தவணை தாமதம் ஆனா கிரெடிட் ஸ்கோர்லயும் அடி. செக் ரிட்டர்ன் ஆகி, எதிர் தரப்பு நோட்டீஸ் அனுப்பி, கிடைச்ச 15 நாளைக்குள்ள நீங்க பணம் கொடுக்கலைன்னா, செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவுல வழக்கு வரலாம். தண்டனை ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையில ரெண்டு மடங்கு வரை அபராதம், அல்லது ரெண்டும். இஎம்ஐ-க்கு நீங்க கொடுக்கிற மின்னணு அனுமதி ரிட்டர்ன் ஆனாலும் 2007-ம் வருஷ கட்டண முறைகள் சட்டத்துல இதே மாதிரி பிரிவு இருக்கு. 'செக்தானே இல்லையே'ன்னு அலட்சியம் வேண்டாம்.

தீர்வு எளிது. சம்பளம் 1-ம் தேதி வருதுன்னா இஎம்ஐ தேதியை 5-க்கு வெச்சுக்கோங்க. சம்பளம் ரெண்டு நாள் தள்ளிப்போனாலும் தாங்கும்.

மூணாவது அர்த்தம்: ஆதாயம் (முதலீட்டு ரிட்டர்ன்)

மியூச்சுவல் ஃபண்ட் ஆப்பைத் திறந்தா பச்சைக் கலர்ல ஒரு எண் தெரியும். 'ரிட்டர்ன்'. ஆனா எந்த ரிட்டர்ன்? இதுக்குள்ளயே நாலஞ்சு வகை இருக்கு.

மொத்த ரிட்டர்ன்: ஒரு லட்சம் போட்டீங்க, ஒன்றரை லட்சம் ஆச்சு. 50 சதவீதம். கேட்க நல்லா இருக்கு. ஆனா எத்தனை வருஷத்துலன்னு இந்த எண் சொல்லாது.

ஆண்டுக் கூட்டு வளர்ச்சி, அதாவது சிஏஜிஆர்: அதே 50 சதவீதம் அஞ்சு வருஷத்துல வந்திருந்தா, வருஷத்துக்கு சுமார் 8.45 சதவீதம்தான். '50-ஐ 5-ஆல வகுத்தா 10 சதவீதம்'னு சொல்றவங்க வட்டிக்கு வட்டியை மறந்துட்டுப் பேசுறாங்க.

எக்ஸ்ஐஆர்ஆர்: இது எஸ்ஐபி போடுறவங்களுக்கு. மாசம் 5,000 ரூபாய், மூணு வருஷம், மொத்தம் 1,80,000 போட்டீங்க. இப்ப மதிப்பு 2,10,000. மொத்த ரிட்டர்ன் 16.7 சதவீதம். 'மூணு வருஷத்துக்கு இவ்வளவுதானா, வருஷத்துக்கு அஞ்சரைகூட இல்லையே'ன்னு எஸ்ஐபி-யை நிறுத்துறவங்க உண்டு. ஆனா எல்லாப் பணமும் மூணு வருஷம் உள்ளே இல்லை. கடைசித் தவணை போய் ஒரு மாசம்தான் ஆச்சு. ஒவ்வொரு தவணையோட தேதியையும் பார்த்துக் கணக்குப் போட்டா வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல வருது. அதே முதலீடு, வேற எண், வேற முடிவு.

சராசரி ரிட்டர்ன்: முதல் வருஷம் 50 சதவீதம் ஏறுச்சு, ரெண்டாவது வருஷம் 50 சதவீதம் இறங்குச்சு. சராசரி பூஜ்யம், அப்ப நஷ்டம் இல்லைன்னு தோணும். ஒரு லட்சம் ஒன்றரை லட்சமாகி, அதுல பாதி போனா மிச்சம் 75,000. கால்வாசிப் பணம் காணோம். விளம்பரத்துல 'சராசரி'ன்னு பார்த்தா உஷாரா இருங்க.

கையில நிக்கிற ரிட்டர்ன்: பேங்க் டெபாசிட்ல 7 சதவீதம். நீங்க 20 சதவீத வரி வரம்புல இருந்தா, செஸ் சேர்த்து 20.8 சதவீதம் வரி போகும். மிச்சம் 5.5 சதவீதம். விலைவாசி 5 சதவீதம் ஏறுதுன்னு வெச்சுக்குவோம். உங்க பணத்தோட வாங்கும் சக்தி ஏறினது வெறும் அரை சதவீதம். டெபாசிட் தப்புன்னு சொல்லலை. அவசரகாலப் பணத்துக்கு அதுதான் சரியான இடம். ஆனா 7-ங்கிற எண்ணை நம்பி இருபது வருஷத் திட்டம் போடக்கூடாது.

இனிமேதான் முக்கியமான விஷயம்: 'ஆஃப்'ஆ, 'ஆன்'ஆ?

ஆங்கிலத்துல ரெண்டு சின்னச் சொல் இருக்கு. பணத்துக்குப் பக்கத்துல 'ரிட்டர்ன் ஆன்'னு வந்தா, போட்ட பணத்து மேல வந்த ஆதாயம். 'ரிட்டர்ன் ஆஃப்'னு வந்தா, போட்ட பணமே திரும்பி வர்றது. ஒண்ணு மாடு கொடுக்கிற பால், இன்னொண்ணு மாடு. மாட்டை வித்த காசைப் பால் வித்த காசுன்னு நினைச்சுச் செலவு பண்ணா என்ன ஆகும்?

'ரிட்டர்ன் ஆஃப் பிரீமியம்' டேர்ம் பாலிசியை எடுத்துக்குவோம். வருஷத்துக்கு 20,000 வீதம் 30 வருஷம் கட்டினா 6 லட்சம். உயிரோட இருந்தா அந்த 6 லட்சம் திரும்பி வரும். பேருல ரிட்டர்ன் இருக்கு, ஆனா ஆதாயம்னு பார்த்தா பூஜ்யம். வருஷம் 5 சதவீதம் விலைவாசி ஏறினா, 30 வருஷம் கழிச்சு வர்ற 6 லட்சத்தோட இன்னைய மதிப்பு சுமார் 1.39 லட்சம். இதே காப்பீடு, பணம் திரும்பாத சாதா டேர்ம் பாலிசியில இன்னும் குறைவான பிரீமியத்துக்குக் கிடைக்கும். 'சும்மா போகுதே'ங்கிற வருத்தத்தைப் போக்கத்தான் அந்தக் கூடுதல் காசு. வேணுமா வேண்டாமாங்கிறது உங்க இஷ்டம், ஆனா தெரிஞ்சு வாங்குங்க.

மியூச்சுவல் ஃபண்டுல 'டிவிடெண்ட்'னு ஒரு வகை இருந்துச்சு. ஃபண்ட் யூனிட் விலை 50 ரூபாய், 4 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தா விலை 46 ஆயிடும். இது கூடுதல் லாபம் இல்லை, உங்க பையில இருந்து எடுத்து உங்க கையில கொடுக்கிறதுதான். வாங்கினவங்க இதை ஆதாயம்னு நினைச்சதால, செபி 2021 ஏப்ரல் 1 முதல் பேரையே மாத்த வெச்சுது. இப்போ அது 'வருமானப் பகிர்வு மற்றும் மூலதனம் திரும்ப எடுத்தல்'ங்கிற அர்த்தத்துல ஐடிசிடபிள்யூ. ஒரு வார்த்தை மக்களைத் தப்பா நினைக்க வைக்குதுன்னு ஒழுங்குமுறை அமைப்பே ஒத்துக்கிட்ட இடம் இது.

இதே குழப்பத்தைத் திட்டம் போட்டுப் பயன்படுத்தினா அதுக்குப் பேரு மோசடி.

தமிழ்நாட்டுல 2022-ல வெடிச்ச ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு ஞாபகம் இருக்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட 2,400 கோடி ரூபாய்க்கு மேல வாங்கினதா பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ் சொல்லுது. மாசம் 25, 30 சதவீதம்னு வாக்குறுதி கொடுத்ததா குற்றச்சாட்டு. இந்த மாதிரி திட்டத்தை ஒரு நிமிஷத்துல சோதிக்கலாம். மாசம் 25 சதவீதத்தை வட்டிக்கு வட்டியா போட்டா ஒரு லட்சம் ஒரே வருஷத்துல 14.5 லட்சம் ஆகணும். எந்த நியாயமான வியாபாரமும் இதைத் தாங்காது.

அப்புறம் ஏன் படிச்சவங்களும் ஏமாறுறாங்க? ஏன்னா முதல் சில மாசம் பணம் நிஜமாவே வரும். பொதுவா இப்படிப்பட்ட திட்டங்கள்ல, நீங்க ஒரு லட்சம் போட்டா மாசம் 10,000 வருதுன்னு வெச்சுக்குவோம். ஆறு மாசத்துல 60,000. '60 சதவீதம் ரிட்டர்ன் வாங்கிட்டேன்'னு நீங்களே நாலு நண்பர்களைச் சேர்த்துவிடுவீங்க. ஏழாவது மாசம் கடை மூடியிருக்கும். இப்ப கணக்கைப் பாருங்க. நீங்க வாங்கின 60,000 ரிட்டர்ன் 'ஆன்' இல்லை, ரிட்டர்ன் 'ஆஃப்'. உங்க பணத்துலயோ, உங்களுக்குப் பின்னாடி சேர்ந்தவர் பணத்துலயோ இருந்துதான் வந்துச்சு. லாபம் ஒரு ரூபாய்கூட இல்லை. நஷ்டம் 40,000. நீங்க சேர்த்துவிட்ட நண்பருக்கு நஷ்டம் இன்னும் அதிகம், நட்பும் போச்சு.

சட்டம் இல்லாம இல்லை. தமிழ்நாட்டுல 1997-லயும், நம்ம புதுச்சேரியில 2004-லயும் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. புதுச்சேரி சட்டம் செல்லாதுன்னு வழக்கு போய், 2012-ல உச்ச நீதிமன்றம் செல்லும்னு தீர்ப்பு சொல்லுச்சு. 2019-ல ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்ய மத்திய சட்டமும் வந்துடுச்சு. சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பணத்தைத் திருப்ப வழி இருக்கு. ஆனா அதுக்கு வருஷக்கணக்கில ஆகும், முழுசா வரும்னும் உறுதி இல்லை. போடுறதுக்கு முன்னாடி ரிசர்வ் வங்கியோட 'சச்சேத்' தளத்துல அந்த நிறுவனம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதான்னு பார்க்க அஞ்சு நிமிஷம் போதும்.

சீக்கிரமா பார்த்துட்டுப் போற சில அர்த்தங்கள்

ஜிஎஸ்டி ரிட்டர்ன்: இதுவும் அறிக்கைதான். வேலையோட சேர்த்து பொருள் விக்கிறவங்க கவனிங்க: சரக்கு மட்டும் விக்கிறவங்களுக்குத் தமிழ்நாட்டுல பதிவு வரம்பு வருஷம் 40 லட்சம், புதுச்சேரியில 20 லட்சம்தான். பதிவு எடுத்துட்டா, வியாபாரமே இல்லாத மாசத்துக்கும் 'நில் ரிட்டர்ன்' போடணும். விட்டா தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 20 ரூபாய்.

பொருளை ரிட்டர்ன் பண்றது: நோ காஸ்ட் இஎம்ஐ-ல வாங்கின போனைத் திருப்பிக் கொடுத்தா, பேங்க் பிடிச்ச பிராசஸிங் கட்டணம் திரும்பாம போகலாம். பொருள் ரிட்டர்ன் ஆனதாலேயே இஎம்ஐ தானா நிக்கும்னு நினைக்காம, கார்டு ஸ்டேட்மென்ட்ல நின்னுருக்கான்னு பாருங்க.

ரிட்டர்ன் கிஃப்ட், பிறந்தநாள் வாழ்த்துல வர்ற 'ஹேப்பி ரிட்டர்ன்ஸ்': இதுக்கெல்லாம் வரி, அபராதம் எதுவும் இல்லை, கவலைப்படாதீங்க. முன்னது தாம்பூலப் பை, பின்னது 'இந்த நாள் பலமுறை திரும்பி வரட்டும்'.

மனசுல வெச்சுக்க ஒரு சின்ன அகராதி

ரிட்டர்ன் ஃபைல் பண்றது – அறிக்கை கொடுக்கிறது
ரீஃபண்ட் – அதிகமா பிடிச்ச வரி திரும்புறது
செக் ரிட்டர்ன், நேச் ரிட்டர்ன் – காசு இல்லாம திரும்பினது
ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட் – ஆதாயம்
ரிட்டர்ன் ஆஃப் பிரீமியம், ரிட்டர்ன் ஆஃப் கேபிடல் – சொந்தக் காசு திரும்புறது
சேல்ஸ் ரிட்டர்ன் – வித்த பொருள் திரும்புறது

இனிமே யாராவது 'ரிட்டர்ன்'னு சொன்னா மூணே கேள்வி கேளுங்க.

ஒண்ணு: திரும்புறது காகிதமா, பணமா, பொருளா?
ரெண்டு: பணம்னா, அது என் சொந்தப் பணமா, அது மேல வந்த ஆதாயமா?
மூணு: ஆதாயம்னா, எத்தனை வருஷத்துல, வரி போக, எப்படிக் கணக்குப் போட்டது?

மூணாவது கேள்விக்கு நேரடியா பதில் சொல்லாம, "சார், எல்லாரும் போடுறாங்க, நீங்களும் போடுங்க"ன்னு சொன்னா, அதுவே உங்களுக்குப் பதில். பையை எடுத்துக்கிட்டு கிளம்பிடுங்க.

எஸ்ஐபி-க்கு எக்ஸ்ஐஆர்ஆர் எப்படிப் போடுறதுன்னு எக்ஸெல் ஷீட்டோட நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க ஸ்டேட்மென்ட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, தேதியையும் தொகையையும் நிரப்பி ஒருமுறை போட்டுப் பாருங்க. ஆப் காட்டுற எண்ணை நம்புறதை விட நீங்களே போட்ட கணக்கு எப்பவும் நல்லது.